கஸ்பார் கொண்டு வந்த எட்டு விளக்கு

கிட்ட வந்து உட்காருங்க, இன்னும் கொஞ்சம் கிட்ட. வாடைக்காற்று அடிக்கிற மாசம், தள்ளி உட்கார்ந்தால் பாதிச் சொல்லைக் கடல் வாங்கிக்கொண்டு போய்விடும், அப்புறம் கதை முடிகிற நேரத்தில் யார் கையில் கொப்புளம், எதனால் கொப்புளம் என்று முதலிலிருந்து கேட்பீர்கள்.

தாழைமுனைக்குக் கரண்டுக் கம்பி வந்து சேர்வதற்குப் பதினோரு வருஷம் முன்னாலேயே கரண்டு விளக்கு வந்து சேர்ந்துவிட்டது. கொண்டு வந்தவன் கஸ்பார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடுகிற தோணியில் அவன் சமையல்காரன். கொழும்புத் துறைமுகத்தில் பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரக் கப்பலின் மாலுமி ஒருத்தன், இவன் போட்ட எலுமிச்சை ஊறுகாயை ஒருநாள் விரலால் தொட்டு நக்கிப் பார்த்து, கண்ணில் தண்ணீர் வந்து, மறுநாளும் வந்து நக்கி, அதற்கு மறுநாளும் வந்து, கடைசியில் கப்பல் புறப்படுகிற அன்றைக்கு ஜாடியோடு தூக்கிக்கொண்டு, பதிலுக்கு ஒரு அட்டைப் பெட்டியை இவன் மடியில் போட்டுவிட்டுப் போனான். பெட்டிக்குள் பச்சை நூல் சுற்றிய கம்பி, கம்பியில் எட்டுக் கண்ணாடி விளக்கு, ஒன்று கிளி, ஒன்று லாந்தர், ஒன்று மீன், ஒன்று திராட்சைக் குலை, ஒன்று மூக்குக்குப் பதில் காரட்டுக் கிழங்கு வைத்த வெள்ளைத் தடியன், மிச்சம் மூன்றும் வெறும் உருண்டை. அந்தத் தடியன் யாரென்று கஸ்பாருக்கே தெரியவில்லை. ஊரில் அவனைக் கொழுக்கட்டைச் சாமி என்று கூப்பிட்டார்கள், இன்றைக்கும் அதுதான் பெயர்.

அதற்கு முன்னால் தாழைமுனையில் பாலன் பிறப்புக்கு என்ன விளக்கு என்றால், சவுக்குக் கிளையை வெட்டிக் கோயில் முகப்பில் நட்டு, அதில் துண்டு மெழுகுதிரிகளை ஒட்டி வைப்பார்கள், மூங்கில் நட்சத்திரத்துக்குள் ஒரு அகலை வைப்பார்கள், வருஷத்துக்கு ஒரு நட்சத்திரமாவது எரிந்து விழும். ஒரு வருஷம் பாலனுக்குக் கட்டிய குடிலில் வைக்கோல் பற்றிக்கொண்டு சூசையப்பர் பொம்மையின் தாடி ஒரு பக்கம் கருகிவிட்டது, மறுபக்கத்தையும் கோயிலைக் கவனிக்கிற கோயில்பிள்ளை சுரண்டிச் சரிபண்ண, அந்த வருஷம் முழுக்க சூசையப்பர் புதுமாப்பிள்ளை மாதிரி இருந்தார்.

கஸ்பாரின் பெண்சாதி கித்தேரி. ஊருக்கே சட்டை தைத்துக் கொடுக்கிறவள். தெருவில் ஒருத்தன் நடந்து போகிற நடையை வைத்தே, அவன் சட்டையில் எந்த இடத்தில் தையல் விட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். கண்ணும் ஊசி, வாயும் ஊசி. கஸ்பார் சோற்றைப் பிசைந்துகொண்டே விளக்குக் கதையைச் சொன்னான், அந்த மாலுமி சைகையும் அரைத் தமிழுமாகச் சொன்னதை இவன் முழுத் தமிழாக்கிச் சொன்னான்.

"அங்கேயும் முதல்ல மெழுகுதிரிதான்ளா. மரத்துல ஒட்டி வச்சுட்டு, பக்கத்துல ஒரு வாளித் தண்ணிய வச்சுக்கிட்டு, மரத்தைப் பாக்காம வாளியையே பாத்துக்கிட்டு இருப்பாவளாம். எத்தனை வீடு போச்சோ. அப்புறம் ஒருத்தன் நெருப்பைக் கண்ணாடிக்குள்ள அடைச்சான், இன்னொருத்தன் அதைத் தன் கையாலேயே ஒண்ணொண்ணாக் கம்பியில கோத்து வீட்டு மரத்துல சுத்துனான். ரொம்ப நாளைக்கு அது துரைமார் வீட்டுச் சாமான், கோத்துக் குடுக்கதுக்குன்னே ஆள் வரணும். பெறவுதான் எட்டு எட்டாக் கோத்துப் பெட்டியில போட்டுக் கடைக்கு வந்துச்சு. அதுக்கும் பெறவு ஜப்பான்காரன் கண்ணாடிய ஊதிக் கிளியும் மீனும் பண்ணிச் சாயம் பூசுனான்."

"இந்தக் கிளி நம்ம ஊருக் கிளி இல்ல. மூக்கு மட்டும்தான் சரியா இருக்கு," என்றாள் கித்தேரி.

"இன்னொண்ணு கேளு. இது எட்டும் ஒரே கம்பி. ஒண்ணு போச்சுன்னா எட்டும் படுத்துரும். போகக்கூட வேண்டாம், ஒண்ணு அரைத் திருகு தளந்தாப் போதும், எல்லாம் இருட்டுதான்."

"ஓகோ, உங்க அண்ணன் தம்பியள மாதிரி. ஒருத்தருக்குக் குழம்புல உப்புக் கொறைஞ்சா எட்டுப் பேரும் கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சிருவாவ."

கஸ்பார் சிரித்துவிட்டு, கரண்டுக்கு எங்கே போவது, ஒன்பது மைலுக்கு அந்தப்பக்கம் ரயிலடியில்தானே இருக்கிறது என்று வருத்தப்பட்டுக்கொண்டே கை கழுவப் போனான். கித்தேரி கம்பியின் நுனியில் இருந்த பிளக்கை எடுத்து, அதன் இரண்டு பித்தளைப் பல்லிலும் படிந்திருந்த கடலுப்பை முந்தானையால் துடைத்து, நன்றாகப் போகட்டும் என்று உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிடித்தாள். எட்டு விளக்கும் எரிந்தன.

"இந்தாங்க, எரியுது," என்றாள் உள்ளே பார்த்து.

கஸ்பார் வந்து பார்த்து, தானும் பிடித்துப் பார்த்தான், அவன் கையிலும் எரிந்தது, கொஞ்சம் மஞ்சளாக. "நான் சோறு தின்ன கை, நீ இன்னும் தின்னலை, அதான் வித்தியாசம்," என்றான். "அப்போ எண்ணெய் மிச்சம்," என்று சொல்லிவிட்டுக் கித்தேரி மிச்சக் குழம்பை மூடி வைத்தாள்.

இப்படித்தான் அது ஊருக்குள் வந்தது. மறுநாள் விளக்கு வைக்கிற நேரத்துக்குள் மேலத்தெரு முழுக்க வந்து பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டது. பல்லைப் பிடிக்கிறது என்றுதான் சொல்வார்கள், பிளக் என்று சொன்னவர் யாருமில்லை. கிழவர்கள் பிடித்தால் மெல்ல எரியும், விடிகிற நேரத்து வெளுப்பு மாதிரி. கொழுந்தியாளோடு சண்டை போட்டுவிட்டு நேரே வந்து பிடித்த பெண்பிள்ளை கையில் அது எரிந்த எரிப்பில், மரத்திலிருந்த காக்கா விடிந்துவிட்டதென்று கத்திக்கொண்டு எழுந்தது. வாயும் வயிறுமாக இருந்த ஒருத்தி பிடித்தபோது வெளிச்சம் இரண்டு இரண்டாகத் துடிக்க, மருத்துவச்சி அந்த இடத்திலேயே இரட்டைப் பிள்ளை என்று சொன்னாள், அப்படியே பிறந்தது. பிடிக்கிறவர்களுக்குப் பசிக்கும், அது ஒன்றுதான் தொந்தரவு, அதனால் பிடித்து முடித்ததும் ஒரு சிரட்டை கருப்பட்டிக் காப்பியும் ஒரு பழமும் கொடுக்கிற வழக்கம் தானாகவே வந்தது.

பங்குச் சாமியாருக்குத்தான் யோசனையாக இருந்தது. லத்தீன் புத்தகம் இரண்டை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று நாள் தேடினார், கரண்டைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. கடைசியில் பூசை முடிந்து திரும்பி நின்று, "கரண்டை உண்டாக்குனது யாரு? கடவுள். உங்களை உண்டாக்குனது யாரு? அவரேதான். பெறவு என்னத்துக்கு இந்தப் பேச்சு? குடில்ல கொண்டாந்து கட்டுங்க," என்று சொல்லிவிட்டார். ரயிலடியிலிருந்து கரண்டு ஆபீஸ்காரர் ஒருத்தர், சைக்கிளில் மீட்டரை வைத்துக் கட்டிக்கொண்டு வந்து, நடுவில் மாட்டிப் பார்த்தார். விளக்கு எரிந்தது, மீட்டர் அசையவில்லை. அவரும் ஒருதரம் பிடித்துப் பார்த்தார், பார்த்துவிட்டு மீட்டரைக் கழற்றிச் சைக்கிளில் கட்டினார். "ஆபீசுல நான் என்னன்னு எழுத?" என்று கேட்டார். "எழுதாதீரும்," என்றார்கள். காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

பாலன் பிறப்புக்கு முன்னால் ஒன்பது சாயங்காலம் கோயில் முகப்பில் செபம் நடக்கும், ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு வீட்டுக்காரர் பிடிக்க வேண்டும் என்று முறை வைத்தார்கள். முதல் வருஷத்தின் மூன்றாவது சாயங்காலம் சம்மாட்டியின் முறை. சம்மாட்டி என்றால் வள்ளங்களுக்குச் சொந்தக்காரர், ஊரில் பாதிப் பேர் அவர் வள்ளத்தில்தான் கடலுக்குப் போனார்கள். பெயர் சவரிமுத்து வாஸ். காய்ச்சல்காரனையும் கடலுக்குப் போ என்று சொல்லுகிற மனுஷர். வெள்ளைச் சட்டை போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே பல்லைப் பிடித்தார். எரியவில்லை. கையை மாற்றிப் பிடித்தார். எரியவில்லை. இரண்டு கையாலும் பிடித்தார், சட்டையில் துடைத்துவிட்டுப் பிடித்தார், கிழக்கே திரும்பி நின்று பிடித்தார். கூட்டம் மூச்சு விடவில்லை. அந்த நேரத்தில் கித்தேரி சொன்னாள், யாரையும் பார்க்காமல், நூலைப் பல்லால் கடித்து அறுக்கிற மாதிரிச் சொன்னாள்:

"உள்ளுக்குள்ள ஈரம் இல்லேன்னா அது என்ன செய்யும், பாவம்."

சிரிப்பு அங்கிருந்து கிளம்பிக் கடற்கரை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தது. சம்மாட்டி செருப்பைப் போட மறந்து வீட்டுக்குப் போனார்.

எல்லாரும் கலைந்த பிற்பாடு கித்தேரி விளக்குகளைக் கழற்றி வைக்கப் போனபோது, லாந்தர் அரைத் திருகு தளர்ந்து கிடந்தது. வாடைக்காற்றில் குடிலின் சவுக்குக் கிளை ஆடியதில் தளர்ந்திருக்கிறது. சம்மாட்டி கையில் ஒரு குறையும் இல்லை. அவள் லாந்தரை இறுக்கினாள். உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் தான் சொன்ன சொல் அதற்குள் மூன்று தெருவில் நடந்துகொண்டிருந்தது, அது போகிற அழகை நிறுத்த அவளுக்கு மனசு வரவில்லை. அந்த மனுஷனுக்கு வேண்டும் என்றும் இருந்தது. திரும்பிப் பார்த்தால், தண்ணீர்க்குடத்தோடு மதலேனாள் நிற்கிறாள், பக்கத்துத் தெருக்காரி, குழந்தைகளுக்கு வயிற்று உப்புசம் என்றால் எண்ணெய் காய்ச்சிக் கொடுக்கிறவள். அவள் கண் லாந்தரில் இருந்தது. கித்தேரி பெட்டியை மூடினாள்.

ஒரு சொல்லை வெளியே விட்டால் அது திரும்பி வந்து செருப்பைக் கழற்றிவிட்டு வெளியே நிற்குமா? உள்ளேதான் வரும். அடுத்த வருஷமே ஊர் அதைச் சட்டமாக்கிவிட்டது. சம்பந்தம் பேசுகிற வீட்டார், பையனையும் பெண்ணையும் குடிலுக்கு முன்னால் பல்லைப் பிடிக்கச் சொல்லி வெளிச்சம் பார்க்க ஆரம்பித்தார்கள். அதற்கு முன்னால் கல்யாணமாகாதவர்கள் அதைத் தொடக்கூடாது என்றும் ஆனது. எல்லாருக்கும் எரிந்தது, ஏன் எரியாது? எரியாத ஒரே ஆள் என்று சம்மாட்டி மட்டும் நின்றார். அவர் கோயிலுக்குப் பின்வாசல் வழியாக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். காய்ச்சல்காரனைக் கடலுக்கு அனுப்புவதை நிறுத்தினார், கைம்பெண்கள் வீட்டுக்குக் கூடையில் மீன் அனுப்பினார். "இப்பப் பயந்துட்டாரு," என்று சொல்லிவிட்டு மீனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கித்தேரி அவர் எதிரே வந்தால் தெரு மாறி நடந்தாள்.

இப்படி இரண்டு வருஷம். மூன்றாவது வருஷம் கித்தேரியின் அண்ணன் மகள் சலேத்துக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை தொபியாஸ், மதலேனாளின் கடைசி மகன். பெரியவன்கள் இரண்டு பேரும் கல்யாணமான மறுமாசமே கொழும்புக்குக் கடைவேலைக்குப் போனவர்கள், பெண்சாதிகளும் போனார்கள், பிறகு கடுதாசிதான் வந்தது. சலேத்தும் தொபியாசும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்து வைத்து இரண்டு வருஷம். மதலேனாள் வேண்டாமென்று சொல்லவில்லை. "வெளிச்சம் பாத்துட்டுப் பேசுவோம்," என்றாள்.

"எனக்கு எரியலைன்னா என்ன அத்தை செய்ய?" என்று சலேத்து கேட்டாள்.

"ஏட்டி, ஆடி மாசம் என் பெட்டியத் திறந்து யாருக்கும் தெரியாமப் பிடிச்சுப் பாத்தியே, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? சன்னல் வழியா வெளிச்சம் வந்து நான் முத்தத்துல நின்னு ரெண்டு ஊசி கோத்தேன்."

சலேத்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதனால் கித்தேரிக்கு இந்தச் சம்பந்தத்தில் ஒரு பயமும் இல்லாமல் இருந்தது.

பாலன் பிறப்புக்கு முந்தின நாலு வாரம், ஆகமன காலத்தில், கல்யாணம் வைக்க மாட்டார்கள், வெளிச்சம் மட்டும் பார்த்துவைத்துக்கொண்டு தை மாசத்துக்கு நாள் குறிப்பார்கள். பாலன் பிறப்புக்கு நாலு நாள் முன்னால், தோமையார் திருநாளன்றைக்குச் சாயங்காலம், ஊர் முழுக்கக் கோயில் முகப்பில். தொபியாஸ் முதலில் பிடித்தான், எட்டும் பளிச்சென்று எரிந்தது, பிடித்த கையை விட்டுவிட்டு வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டான். நடுவில் பாட்டு, செபம், கோயில்பிள்ளை சுண்டல் கொடுத்தார், ஆளும் பேருமாக எழுந்து நடமாடினார்கள். அப்புறம் சலேத்தைக் கூப்பிட்டார்கள்.

சலேத்து பல்லைப் பிடித்தாள். எரியவில்லை.

அந்தச் சத்தமில்லாமையைக் கித்தேரி ஏற்கெனவே ஒருதரம் கேட்டிருக்கிறாள். பிள்ளை பல்லை விடாமல் இன்னும் இறுக்கிப் பிடித்தாள். பின்னால் யாரோ ஒருத்தி, "சம்மாட்டி மாதிரி," என்று மெதுவாகச் சொன்னாள், மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் கடைசி வரிசையில் சம்மாட்டி தலை குனிந்ததைக் கித்தேரி பார்த்தாள். தொபியாஸ் தாயைப் பார்த்தான். தாய் குடிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கித்தேரியும் குடிலைப் பார்த்தாள். கொழுக்கட்டைச் சாமி வாசலைப் பார்த்து, மீன் இடதுபக்கம் பார்த்து, லாந்தர் சரியாக, திராட்சை சரியாக. மூன்று வருஷமாகத் தன் கையால் மாட்டுகிறவள், ஒவ்வொன்றுக்கும் முகம் எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியும். கிளி எப்போதும் பாலன் படுத்திருக்கிற தொட்டிலைப் பார்த்து இருக்கும். இன்றைக்குச் சுவரைப் பார்த்து இருந்தது. அதன் வாலில் வெள்ளையாக அரிசிமாவு, அச்சுமுறுக்குக்கு இடித்த மாவு. காலையிலிருந்து முறுக்கு மாவு பிசைந்தது யார் வீட்டில் என்பதை ஊரே மோந்து வைத்திருந்தது.

கித்தேரிக்கு உடனே கோபம் வந்தது, கோபத்துக்குப் பின்னாலேயே தண்ணீர்க்குடமும் வந்தது. அன்றைக்கு லாந்தரை இறுக்கியதைப் பார்த்துத்தானே மதலேனாள் இந்த வித்தையைக் கற்றாள்? கிளியைப் பற்றி வாயைத் திறந்தால், லாந்தரைப் பற்றியும் திறக்க வேண்டும். அதுவும் ஒருபக்கம் இருக்கட்டும், அந்தப் பெண்பிள்ளை நின்ற நிலையைப் பார்த்தால், இரண்டு மகனைத் தோணி ஏற்றிவிட்டுவிட்டு மூன்றாவது மகனின் சட்டைநுனியை மாவுக்கையால் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரிதான் நின்றாள். அவளை ஊருக்கு முன்னால் திருடி என்று காட்டிவிட்டு, அந்த வீட்டுக்கே சலேத்தை அனுப்பினால், பிள்ளை அங்கே எந்த முகத்தோடு அடுப்பு மூட்டும்?

அவள் சலேத்துக்குப் பக்கத்தில் போய், பிள்ளையின் மூடிய கையைத் தன் முந்தானையால் மூடி, "கைய விட்டிராதே. செத்தாலும் விட்டிராதே," என்று காதில் சொன்னாள். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"என்ன எல்லாரும் முகத்தைத் தொங்கப் போட்டுட்டிய? முறை தப்பாப் போச்சு, அதான் எரியலை. பக்கத்து வீட்டுல நெருப்பு வாங்கப் போனா வெறும் சிரட்டையவா குடுப்பாவ? அவுக அடுப்புல எரியிற கங்கை எடுத்துத்தானே குடுப்பாவ? மாமியா மொதல்ல பிடிச்சு, எரிய எரிய மருமக கையில குடுக்கணும். வாங்க மைனி. நீங்க பிடிங்க."

ஊருக்கு அந்தப் பேச்சு பிடித்துவிட்டது. "அது சரிதானே," என்றார்கள். "மதலேனா, போ, பிடி," என்றார்கள். சாமியார்கூடத் தலையை ஆட்டினார்.

மதலேனாள் நின்ற இடத்தில் நின்றாள். பிடித்தால் எரியாது என்று அவளுக்குத் தெரியும், எரியாமல் போனால் நாளையிலிருந்து கடைசி வரிசையில் சம்மாட்டிக்குப் பக்கத்தில் தானும் உட்கார வேண்டும் என்றும் தெரியும். கித்தேரியைப் பார்த்தாள். கித்தேரி, துணியை வெட்டுமுன் அளவு பார்க்கிறவள் மாதிரி, பொறுமையாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இருங்க, வாறேன்," என்றாள் மதலேனாள். "அந்தக் கிளி தூசியாக் கிடக்கு. தொடச்சிட்டு வாறேன்."

போனாள். முந்தானையை எடுத்துத் துடைக்கிற மாதிரிக் குனிந்து, இரண்டு விரலால் கிளியைப் பிடித்து அரைத் திருகு திருப்பினாள்.

எட்டும் எரிந்தன. காத்திருந்த கையல்லவா, அழுகையை அடக்கிக்கொண்டு பிடித்திருந்த கையல்லவா, முகப்பிலிருந்து கொடிமரம் வரைக்கும் வெளிச்சம் போய் விழுந்தது, கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளங்களின் பலகைச் சந்து தெரிந்தது, கடலில் நின்ற இரண்டு கட்டுமரக்காரர்கள் கரையில் தீப்பிடித்துவிட்டதென்று துடுப்புப் போட ஆரம்பித்தார்கள். கித்தேரி முந்தானையை எடுத்தாள். உள்ளே சலேத்தின் கை, பல்லைப் பிடித்தபடியே இருந்தது.

"மாமியா போய்த் தொட்டதும் எரிஞ்சுட்டு!" என்று யாரோ கத்த, அதையே எல்லாரும் கத்தினார்கள். தொபியாஸ் சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியாமல் சுண்டலைக் கீழே கொட்டினான்.

உபதேசியார் மட்டும் கத்தவில்லை. உபதேசியார் மிக்கேல், எதையும் இரண்டு தரம் பார்க்கிறவர், பிள்ளைகள் செபம் சொல்லும்போது உதட்டைப் பார்த்தே எந்தச் சொல்லை முழுங்கினார்கள் என்று கண்டுபிடிக்கிறவர். கிளி நல்ல சூட்டில் எரிகிற விளக்கு, சுட்டவுடன் மதலேனாள் கையை வெடுக்கென்று உதறி முந்தானைக்குள் ஒளித்ததை அவர் பார்த்துவிட்டார்.

"மதலேனா, கையைக் காட்டு," என்றார்.

"ஒண்ணுமில்லை."

"ஒண்ணுமில்லேன்னா காட்டதுக்கென்ன? தொடச்ச கைன்னா உள்ளங்கையில சுட்டிருக்கும். திருகுன கைன்னா ரெண்டு விரல் நுனியில சுட்டிருக்கும். எதுல சுட்டுச்சுன்னு பாத்துருவோம்."

கூட்டம் மெதுவாக அந்தப் பக்கம் திரும்பியது. மதலேனாள் கையை இன்னும் உள்ளே இழுத்தாள். அந்த இரண்டு விரல் நுனியிலும் அதற்குள் பட்டாணி அளவில் கொப்புளம் எழும்பிவிட்டது. வெளியே காட்டினால் சம்பந்தமும் போயிற்று, அவளும் போனாள்.

கித்தேரி சலேத்தை விட்டுவிட்டு ஓடினாள். குடிலுக்கு முன்னால் போய், "உபதேசியாரே, என்ன கேள்வி கேக்கீரு? அவ நேந்துக்கிட்டுல்லா தொட்டா!" என்று சத்தமாகச் சொன்னாள். "மாமியாளும் மருமவளும் சேந்து எரிய வச்ச கிளி இது, இனிமே இப்படி எரியுமோ எரியாதோ. இந்தச் சூட்டை ரெண்டு விரலால வாங்கிக்கிடதுக்குக் குடுத்து வச்சிருக்கணும். உமக்கு வேண்டாம்னா தள்ளி நில்லும்." சொல்லிக்கொண்டே தன்னுடைய கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிளியைக் கிள்ளிப் பிடித்தாள், "ஸ்ஸ்" என்றாள், கண்ணை மூடி நெற்றியில் சிலுவை போட்டாள்.

அவ்வளவுதான். தாழைமுனைக்காரர்கள் ஒருத்தருக்குக் கிடைத்த புண்ணியம் தனக்குக் கிடைக்காமல் போவதை எந்தக் காலத்திலும் பொறுத்ததில்லை. முட்டி மோதிக்கொண்டு வந்தார்கள். "நான் மொதல்ல," "நாங்க மூணு பேரு, மூணு பேருக்கும் இடம் விடுங்க," "எங்க வீட்டுக்காரரு கடல்ல இருக்காரு, அவருக்கும் சேத்து ரெண்டு தரம் தொடுதேன்." ஆளாளுக்கு இரண்டு விரலால் கிளியைக் கிள்ளினார்கள், ஆளாளுக்கு "ஸ்ஸ்" என்றார்கள். சாமியார் தொட்டார். மருத்துவச்சி தொட்டாள். கடலிலிருந்து தீயணைக்க ஓடிவந்த இரண்டு பேரும் ஈரவேட்டியோடு தொட்டார்கள். கடைசியில் உபதேசியாரும் தொட்டு, விரலை வாயில் வைத்துக்கொண்டு, இனி யார் விரலைப் பார்த்து என்ன கண்டுபிடிப்பது என்று புரிந்து, மெல்ல நகர்ந்து போனார். மதலேனாள் முந்தானையிலிருந்து கையை எடுத்தாள். ஊரில் எல்லார் கையும் எப்படியோ அப்படி இருந்தது அவள் கையும். அந்தக் கையைக் கொண்டுபோய்ச் சலேத்தின் தலையில் வைத்தாள்.

கடைசி வரிசை அப்படியே உட்கார்ந்திருந்தது. அந்த வரிசையில் ஒரே ஆள்தான். சம்மாட்டி.

கித்தேரி இரண்டு வருஷத்துக்கு அப்புறம் அவருக்கு நேராக நடந்தாள். நடந்துபோய் முன்னால் நின்று, வேறு யாருக்கும் கேட்காதபடி, "பெரியவரே, அன்னைக்கு லாந்தர் தளந்து கெடந்துச்சு," என்றாள். "உங்க கையில கொறை இல்ல. அன்னைக்கே நான் பாத்தேன். பாத்துட்டுச் சொல்லலை."

சம்மாட்டி அவளை நிமிர்ந்து பார்த்தார். தாடை ஒருதரம் அசைந்தது. வசவு வரும் என்று கித்தேரி காத்திருந்தாள், வந்தால் வாங்கிக்கொள்ளத்தான் வந்திருந்தாள்.

"ரெண்டு வருசம், கித்தேரி," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

"ஆமா," என்றாள்.

அவள் அவரைக் கூட்டிக்கொண்டு குடிலுக்கு வந்தாள். கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டு விலகியது. சலேத்தின் கையிலிருந்து பல்லை வாங்கி அவர் கையில் வைத்தாள். கை மாறுகிற அந்த ஒரு மூச்சு நேரம் எட்டும் அணைந்தன. பிறகு எரிந்தன, பளிச்சென்று அல்ல, அடுப்பை மூட்டுகிறபோது முதலில் சுள்ளி பிடித்து, பிறகு விறகு பிடிக்கிற மாதிரி, ஏறி ஏறி எரிந்தன. சம்மாட்டி தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார், யாராவது வாங்கிவிடப் போகிறார்களோ என்கிற மாதிரி இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். சனங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள், பிறகு மணலைப் பார்த்தார்கள்.

எல்லாரும் தொட்டாயிற்று, தொட வேண்டியவர்கள் யாரும் பாக்கி இல்லை. கித்தேரி ஏற்கெனவே ஒருதரம் தொட்டவள்தான். இருந்தாலும் அந்த இரண்டு வருஷத்தை நினைத்துக்கொண்டு அவள் திரும்பவும் குடிலண்டை போனாள், சம்மாட்டி கையிலிருந்து வந்து எரிகிற அந்தக் கிளியை, கொப்புளம் ஏறிய அதே இரண்டு விரலால் பிடித்து, மாதாவுக்குச் சொல்கிற பிரியதத்த மந்திரத்தை முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரைக்கும் ஒரு சொல்லையும் முழுங்காமல் சொல்லி முடித்த பிறகுதான் விரலை எடுத்தாள்.